நின்ற வண்டியில் ஓயாத எஞ்சின்

சிக்னலில் கார் நிற்கிறது. ஆக்சிலேட்டரில் கால் இல்லை. ஆயினும் எஞ்சின் தானே உறுமி எழுகிறது. மறு நிமிஷம் தாழ்ந்து, அணைந்துவிடுவது போல் நடுங்குகிறது. மெக்கானிக்கிடம் கொண்டு சென்றாலோ, வாத்தியாரைக் கண்ட பிள்ளையைப் போல் பரம சாதுவாக நிற்கிறது! கோடை விடுமுறைக்கு மும்பையிலிருந்து காரிலேயே ஊருக்குப் புறப்படும் அன்பர்கள் பலர் இக்குறையைச் சொல்லி வருந்துவதைக் கேட்டிருக்கிறோம். சென்னை வரையிலான வழியே ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். குழந்தை குட்டிகளோடு செல்பவர்களுக்கு இது சிறிய விஷயமன்று.

முதலில் எது நோயன்று என்பதை அறிந்துகொள்வோம். காலையில் குளிர்ந்திருக்கும் பெட்ரோல் எஞ்சின் நிமிஷத்துக்கு 1,200 சுற்றுக்கு மேலும் ஓடும். சூடேறியபின் பெரும்பாலான கார்களில் 700 முதல் 900-க்குள் அடங்கும். ஏ.ஸி. போட்டால் முள் சற்று அசையும். இவை இயல்பே. சூடேறிய பிறகும் 1,500-க்கு ஏறுவதும், ஏறி ஏறி இறங்குவதுமே கவனிக்கத் தக்கவை.

காரணத்தைத் தேடுவோர் பெட்ரோலையே நினைக்கின்றனர். நாமோ முதலில் காற்றைச் சந்தேகிக்கச் சொல்வோம். கால் எடுத்ததும் காற்று வழியிலுள்ள த்ராட்டில் தகடு மூடிக்கொள்கிறது. எஞ்சின் அணையாமலிருக்க ஓரளவு காற்றை மட்டும் கம்ப்யூட்டர் அளந்து விடுகிறது. சிலிண்டர்கள் இழுத்துக்கொண்டே இருப்பதால் அத்தகட்டுக்கு அப்பால் வெற்றிட இழுப்பு மிகுதி. அங்குள்ள ரப்பர் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் போதும், கணக்கில் வராத காற்று உள்ளே புகும். எஞ்சின் வேகமெடுக்கும், அல்லது கலவை கெட்டுத் தள்ளாடும். சூட்டில் ரப்பர் விரியும்போது வெடிப்பு திறக்கும், ஆறியதும் மூடிக்கொள்ளும். ஆகவேதான் இக்குறை விட்டு விட்டுத் தோன்றுகிறது.

செம்பூரில் நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று பிளக்குகளையும் இரண்டு சென்ஸார்களையும் மாற்றிப் பதினாயிரம் ரூபாய்க்கு மேல் செலவிட்டது. வியாதி போகவில்லை. கடைசியில் அடிப்புறம் வெடித்திருந்த விரல் தடிமன் குழாய் ஒன்றே காரணம் என்று தெரிந்தது. அதன் விலையைச் சொல்லவும் வெட்கமாயிருக்கிறது!

ஆகவே செலவுக்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தொல்லை நேர்ந்தது குளிரிலா சூட்டிலா, மழை நாளிலா, ஏ.ஸி. ஓடும்போதா என்று குறியுங்கள். மெக்கானிக்குக் காட்ட மறுக்கும் வண்டியின் குணத்தை இக்குறிப்பு காட்டிக்கொடுக்கும். பிறகு கால்மிதி ஆக்சிலேட்டரின் மேல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், இதுவும் நடப்பதுண்டு. கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டு, 'உஸ்' என்ற ஒலி வருகிறதா என்று கேளுங்கள். புடவைத் தலைப்போ துண்டோ விசிறியருகே போகலாகாது. மின்விசிறி சொல்லாமல் சுழலும். பிரேக்கை மிதித்து அழுத்திப் பிடிக்கும்போதெல்லாம் எஞ்சினின் வேகம் மாறுமாயின், பிரேக் பூஸ்டரையும் அதன் குழாயையும் உடனே சோதிக்க வேண்டும். ஓட்டையைக் காணப் பெட்ரோலையோ கிளீனரையோ சூடான எஞ்சின்மேல் தெளிக்கும் வழக்கம் தீயை அழைப்பதாகும். புகை செலுத்திப் பார்க்கும் கருவி உள்ள பட்டறையே நல்லது.

குழாய்கள் நன்றாயிருந்தால் அடுத்தது த்ராட்டில் பாடியில் படிந்த கரி. அதைத் துடைத்தபின் சில வண்டிகளில் கம்ப்யூட்டருக்குப் புது அளவைக் கற்பிக்க வேண்டியிருக்கும். சற்று நேரம் ஏறி இறங்கினால் பதற வேண்டாம். சூடேறியும் வேகம் குறையாவிட்டால், எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாகப் பொய் சொல்லும் கூலன்ட் வெப்ப சென்ஸார் காரணமாயிருக்கலாம். கூலன்ட் அளவையும் பாருங்கள். சூடாயிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பழைய மாருதி 800, பத்மினி போன்ற கார்புரேட்டர் வண்டிகளை இன்றும் பேணுவோருக்குச் சிக்கிய சோக்கும், அடைத்த ஐடில் ஜெட்டும் தெரிந்த விரோதிகளே.

எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் தீப்பொறி தவறுகிறதென்று பொருள். அந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால் விலையுயர்ந்த கேடலிடிக் கன்வர்ட்டர் பாழாகும். ஓட்டத்திலேயே எஞ்சின் தானே சீறினால் பிரேக்கை உறுதியாக மிதித்து, நியூட்ரலுக்கு மாற்றி, ஓரமாக நிறுத்தியபின்னரே அணைக்க வேண்டும். ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

பட்டறையில் ஸ்கேனர் போட்டு 'பி0171' என்று சொன்னால், கலவையில் காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு என்பதே அதன் பொருள். இன்ன சாமான் கெட்டது என்பதன்று. அதை நம்பி சென்ஸாரை மாற்றச் சம்மதிக்குமுன் குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹிந்தி தயங்குவோருக்கு இந்த வாக்கியம் போதும்: "கரம் ஹோனே கே பாத் ஆர்.பி.எம். ஊப்பர்-நீச்சே ஹோதா ஹை. பஹலே வேக்குவம் பைப் தேக்கியே." மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.