மதுரையா, சென்னையா? உடனிருப்பவரின் செலவுக் கணக்கு

மேலூர், கொட்டாம்பட்டி, அழகர்கோவில் வட்டாரங்களிலிருந்து சிகிச்சைக்கு வரும் குடும்பத்தினர் எம்மிடம் அடிக்கடி கேட்பது நோயைப் பற்றிய கேள்வி அன்று. “மதுரையிலேயே பார்த்துக்கொள்ளலாமா, சென்னைக்குப் போக வேண்டுமா? போனால் எவ்வளவு ஆகும்?” என்பதே அது. எந்த மருத்துவமனை என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். எவ்வளவு ஆகும் என்பதை மட்டும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பொதுவாக மனத்தில் நிற்பது மருத்துவமனைக் கட்டணமே. ஆனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. திட்டத்தில் இணைந்த மருத்துவமனையாயின், அது மதுரையில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் அட்டை ஒன்றே. உடனிருப்பவரின் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் இழந்த கூலிக்கும் அதில் இடமில்லை. இரு நகரங்களும் வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

இரு நகரங்களின் விலைவாசியை ஒப்பிட, நாளிதழ்களில் வரும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் உதவாது. சிம்லாவிலுள்ள தொழிலாளர் செயலகம் சென்னைக்கும் மதுரைக்கும் தனித்தனியே எண் வெளியிடுகிறது. எனினும் 2016ஆம் ஆண்டை 100 எனக் கொண்டு, அந்தந்த ஊரில் விலை எவ்வளவு ஏறியது என்பதையே அது காட்டுகிறது. மதுரையின் எண் கூடுதலாக இருந்தால் மதுரை செலவு மிக்க ஊர் என்று பொருளாகாது.

அதைவிடத் தெளிவான அளவுகோல் ஒன்று மத்திய அரசு ஊழியரின் வீட்டு வாடகைப் படியில் கிடைக்கிறது. ஜனவரி 2024 முதல் அடிப்படைச் சம்பளத்தில் சென்னையில் 30 விழுக்காடு, மதுரையில் 20 விழுக்காடு, மேலூர் போன்ற ஊர்களில் 10 விழுக்காடு. வாடகை ஒன்றில் மட்டும் மேலூரைப் போல் இருமடங்கு மதுரை, மும்மடங்கு சென்னை என அரசே மதிப்பிட்டிருக்கிறது எனலாம். மற்றவற்றில் இவ்வளவு இடைவெளி இல்லை. மருந்து அட்டையிலும் எண்ணெய்ப் பொட்டலத்திலும் அச்சிட்ட அதிகபட்ச விலை எங்கும் ஒன்றே. அம்மா உணவகத்தில் இரு நகரங்களிலும் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். காலையும் நண்பகலும் ஒருவர் 12 ரூபாயில் பசியாறலாம்.

நகருக்குள் போய்வரும் செலவில் சென்னையே மலிவாக அமைவதுண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். புறநகர் மின்தொடர் வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கு எதிரிலேயே பூங்கா நிலையம் உள்ளது. எனவே மருத்துவமனை வாசலருகே அதிக வாடகைக்கு அறை எடுக்காமல், தாம்பரம் பக்கமோ ஆவடி பக்கமோ உறவினர் வீட்டில் தங்கிக்கூட வந்து போகலாம். மதுரையில் புறநகர் ரயில் இல்லை; பேருந்து நேரம் தவறினால் ஆட்டோதான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமின்மை இரு நகரங்களுக்கும் பொது.

ஆயினும் செலவை முடிவு செய்வது ஊரைவிடச் சிகிச்சையின் கால அட்டவணையே. மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றும் கீமோதெரபி மருந்துக்கு, இரவு ரயிலில் சென்று மறு இரவே திரும்புவோர் உண்டு. அவர்களுக்கு அறை வாடகை பெரும்பாலும் இல்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை அவ்வாறன்று. வாரத்துக்கு 5 நாள், 6 வாரம் என வைத்துக்கொண்டால் 30 அமர்வுகள். மேலூரிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 30 கி.மீ.; நாள்தோறும் போய்வந்தால் மொத்தம் 1,800 கி.மீ. சென்னைக்குச் சென்று திரும்பும் தொலைவு அதில் பாதிதான். ஆனால் அங்கே 42 இரவுகள் தங்கியாக வேண்டும். நாற்பது இரவு வாடகையோடு ஒப்பிட்டால் பேருந்துக் கட்டணம் சிறிதே. ஆனால் நான்காவது வாரத்தில் சோர்ந்த உடலைப் பேருந்துப் படியில் ஏற்றி இறக்குவது எளிதன்று. அந்த இறுதி வாரங்களுக்கு மட்டும் மதுரையில் அறை எடுப்பது நல்ல நடுவழி என்பது எமது கருத்து.

டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்குக் கணக்கே வேறு. வாரம் மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 156 முறை. முடிவு தேதியும் இல்லை. அதற்காகச் சென்னை செல்வது குடிபெயர்வதே ஆகும். வீட்டுக்கு மிக அருகில் எந்த அரசு மருத்துவமனையில் இவ்வசதி உண்டு என்று முதலில் விசாரியுங்கள்.

எவரும் தாளில் எழுதாத செலவு ஒன்று உண்டு. மேலூர்ப் பகுதியின் ஒருபோக நிலங்களுக்குப் பெரியாறு கால்வாய்த் தண்ணீர் திறந்ததும் நாற்றுநடவு தொடங்கிவிடும். அந்நேரத்தில் உடனிருப்பவர் ஊரில் இல்லையெனில் இழப்பது சில நாள் கூலியை மட்டுமன்று. சொந்த நிலமாயின் அப்போகத்தையே இழக்கவும் நேரும். மதுரையில் சிகிச்சையெனில் கணவரும் மனைவியும் முறை மாற்றிக்கொள்ளலாம். மாலையில் வீடு திரும்பி மாட்டைக் கவனிக்கலாம். சென்னையில் அதற்கு வழியில்லை. சிகிச்சைத் தேதியை ஒரு வாரம் முன்பின் மாற்ற இயலுமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை; இயலாது என்றால் காரணத்தை அவரே விளக்குவார்.

சென்னையே செல்ல நேர்ந்தால் இரண்டு சலுகைகளை விட்டுவிடாதீர்கள். மாநிலத்தின் எந்த நியாயவிலைக் கடையிலும் கைரேகை வைத்து விலையில்லா அரிசி பெறலாம். ஆனால் அட்டைக்குரிய அளவு ஒன்றே. அங்கே வாங்கியது இங்கே குறையும். வீட்டிலிருப்பவரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள், இல்லையேல் மேலூர்க் கடை வாசலில் வீண் வாக்குவாதம்.

மற்றொன்று ரயில் கட்டணச் சலுகை. மேலூரில் ரயில் நிலையம் இல்லாததால் பலர் நெடுஞ்சாலையிலேயே சென்னைப் பேருந்தில் ஏறிவிடுகின்றனர். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் முழுக் கட்டண விலக்கு உண்டு. துணைக்குச் செல்லும் ஒருவருக்கு 75 விழுக்காடு தள்ளுபடி. டயாலிசிஸுக்கோ இதய அறுவைச் சிகிச்சைக்கோ செல்வோர்க்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இவ்வகுப்புகளில் 75 விழுக்காடு தள்ளுபடி. ரயில்வேயின் படிவத்தில் மருத்துவமனையின் கையொப்பமும் முத்திரையும் பெற்று, முன்பதிவு கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். வெளியூருக்குப் பரிந்துரைக்கும் நாளிலேயே அப்படிவத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.