பாஷை அறியாத பிரிண்டர்

கானன் கம்பெனி தயாரித்த ஒரே லேசர் யந்திரத்தை வயிற்றில் தாங்கிக்கொண்டு, 1984-ல் ஹ்யூலட்-பேக்கர்டின் லேசர்ஜெட்டும், மறு வருஷம் ஆப்பிளின் லேசர்ரைட்டரும் காரியாலயங்களுக்குள் பிரவேசித்தன. அங்குலத்துக்கு 300 புள்ளி, நிமிஷத்துக்கு 8 பக்கம் என்ற அளவில் இரண்டும் சகோதரர்களே. ஆனால் முன்னதன் விலை 3,495 டாலர், பின்னதன் விலை 6,995 டாலர். வித்தியாசத்தில் பெரும்பகுதி மூளைக்குக் கொடுத்த விலை என்றே சொல்லவேண்டும்.

அந்த மூளைக்குத் தெரிந்த பாஷை போஸ்ட்ஸ்கிரிப்ட். ஜெராக்ஸின் ஆராய்ச்சிசாலையை விட்டு வெளியேறிய ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் 1982-ல் ஆரம்பித்த அடோபி நிறுவனம் வகுத்த இப்பாஷை, புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லாமல், இந்த வளைவை வரை, அதன் உள்ளே மை நிரப்பு, இந்த எழுத்தை இந்தப் பருமனில் வை என்று பக்கத்தையே வர்ணிக்கும். நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வந்து நிற்பதுபோல, அதிலும் எண்கள் முன்னே வர, செயல் பின்னே வரும். இவ்வர்ணனையைப் புரிந்துகொண்டு புள்ளிகளாக்குவதற்காக லேசர்ரைட்டருக்குள் ஒன்றரை மெகாபைட் மெமரியும், தன்னை ஏவும் மக்கின்டாஷில் இருப்பதைவிட வேகமான பிராஸஸரும் வைக்கப்பட்டிருந்தன. வேலைக்காரன் எஜமானைவிடக் கெட்டிக்காரனாக இருந்த விநோதம் அது!

முதல் லேசர்ஜெட்டுக்கோ 128 கிலோபைட் மெமரிதான். ஏ4 பக்கம் ஒன்றை 300 புள்ளிக் கணக்கில் நிரப்பினால் சுமார் 87 லட்சம் புள்ளிகள், அதாவது ஒரு மெகாபைட்டுக்குச் சற்று அதிகம். உருளை சுழலத் தொடங்கிவிட்டால் லேசர் பிரிண்டர் நடுவழியில் நின்று யோசிக்க இயலாது என்பதும் கவனிக்கத்தக்கது. பக்கம் சிக்கலாக இருந்து கணக்கு பின்தங்கினால் முகப்பில் 21 என்ற எண் தோன்றும், மெமரி நிரம்பிவிட்டாலோ 20. இப்படிப்பட்ட யந்திரத்துக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பை நேராக அனுப்பினால், சதவீதக் குறியும் ஆச்சரியக் குறியும் தொடங்கி, கட்டளைகள் அத்தனையையும் வெறும் எழுத்தாகவே பக்கம் பக்கமாக அச்சிட்டுத் தள்ளும்.

இதற்கு ஒரு உபாயம், பாஷையை அறிந்த கார்ட்ரிட்ஜைச் செருகுவது. 1990-ல் வந்த லேசர்ஜெட் மூன்றாம் மாதிரி போன்றவற்றில் அது நடந்தது. கூடவே மெமரியும் வாங்கிச் சேர்க்கவேண்டும், செலவும் அதற்கேற்ப ஏறும்.

என் அபிப்பிராயத்தில் மற்ற உபாயமே சாமர்த்தியமானது. பீட்டர் டாய்ச் என்பவர் 1988-ல் வெளியிட்ட கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள், வர்ணனையைப் புரிந்துகொள்ளும் பொறுப்பைக் கம்ப்யூட்டரிடமே ஒப்படைத்துவிட்டு, பிரிண்டருக்கு அதன் சொந்தக் கட்டளைகளில் புள்ளிகளை மட்டும் அனுப்புகிறது. இதனால் பிரிண்டரின் உள்ளே ஃபாண்ட் இல்லாத தமிழெழுத்தும் சங்கீதக் குறியும் தடையின்றி அச்சேறும். அதற்கு எல்லாம் புள்ளிதானே! ஆனால் புள்ளிகள் ஏராளம்: விநாடிக்கு 9,600 பிட் செல்லும் சீரியல் கேபிளில் ஒரு முழுப் பக்கத்தை அப்படியே அனுப்பினால் ஏறக்குறைய 19 நிமிஷம் ஆகும். பாரலல் கேபிள் இதைவிட மிக விரைவானது. வெற்றிடங்களை அனுப்பாமல் தாண்டிச் செல்லும் கட்டளையும் இருப்பதால், சாதாரணக் கடிதங்களில் பாரம் வெகுவாகக் குறையும்.

மெமரிக் குறையை மட்டும் எந்த மென்பொருளும் தீர்க்காது. 128 கிலோபைட் யந்திரத்தில் முழுப் பக்கச் சித்திரம் வேண்டுமானால் அங்குலத்துக்கு 75 புள்ளியோடு திருப்தியடையவேண்டும். 1987-ல் வந்த இரண்டாம் மாதிரியில் 512 கிலோபைட் உண்டு. அதை வைத்திருப்பவர் கோஸ்ட்ஸ்கிரிப்டிடம் 150 என்று சொல்லிவிட்டால், எழுத்தின் விளிம்பு கொஞ்சம் படிப்படியாகத் தெரியுமே தவிர, பக்கம் அரைகுறையாக நிற்காமல் முழுமையாக வெளிவந்துவிடும்.