வேலியோர நண்பன் ஓணான்

வயல் வரப்பு, வேலி, கிணற்றுமேடு, தோப்பு ஆகிய இடங்களில் நாள்தோறும் நம் கண்ணில் படும் பிராணி ஓணான். தென்னை ஈர்க்கில் சுருக்கிட்டு இதைப் பிடிப்பதும் கல்லால் அடிப்பதும் சிறுவர்களுக்கு விளையாட்டு. 'இரத்தத்தை உறிஞ்சிவிடும்' என்று பெரியவர்களும் இதை வெறுப்பதுண்டு. உண்மையில் ஓணானுக்கு நஞ்சில்லை. அது எவர் இரத்தத்தையும் உறிஞ்சுவதுமில்லை.

தோற்றம்

வளர்ந்த ஓணானின் உடல் சுமார் 10 செ.மீ. நீளமிருக்கும். வால் உடலைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். கழுத்திலிருந்து முதுகு வரை முட்கள் போன்ற செதில்கள் வரிசையாக நிற்கும். பல்லியைப் போல் இது வாலைக் கழற்றிவிட்டுத் தப்பி ஓடாது.

நிறம் மாறுவதால் இதைப் பச்சோந்தி என்று சிலர் எண்ணுவர். பச்சோந்தி வேறு. அது மெதுவாக நடக்கும். இரு கண்களையும் தனித்தனியே சுழற்றும். நீண்ட நாக்கை வீசி இரை பிடிக்கும். ஓணான் விரைந்தோடி வாயால் கவ்வும்.

நிறம் மாறுவது ஏன்?

ஓணானின் வழக்கமான நிறம் பழுப்பு அல்லது சாம்பல். வெயில், வெப்பம், அச்சம், சினம் ஆகியவற்றுக்கேற்ப இது மாறும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் தோளும் செம்மஞ்சள் அல்லது சிவப்பாகும். தொண்டையில் கருந்திட்டு தோன்றும். அப்போது அது உயரமான இடத்தில் அமர்ந்து, முன்கால்களை ஊன்றி உடலை ஏற்றி இறக்கும். பெண்ணைக் கவரவும் பிற ஆண்களை விரட்டவுமே இவ்வாறு செய்கிறது. இந்தச் சிவப்பே இரத்தம் உறிஞ்சும் கதைக்கு இடமளித்தது எனலாம்.

உணவு

வெட்டுக்கிளி, சிள்வண்டு, எறும்பு, வண்டு, புழு முதலியவற்றைப் பகலில் தேடிப் பிடித்து, அப்படியே விழுங்கும். சில வேளைகளில் தேனீ போன்ற நன்மை செய்யும் பூச்சிகளையும் தின்னும். ஓணானால் மட்டும் பூச்சிகள் ஒழிந்துவிடா. ஆயினும் செலவின்றி உழைக்கும் துணைவர்களில் இதுவும் ஒன்று.

இனப்பெருக்கம்

பெண் ஓணான் ஈரமான, பொலபொலப்பான மண்ணில் குழி தோண்டி, 10 முதல் 20 முட்டைகள் வரை இட்டு மூடிவிடும். சுமார் 6 முதல் 7 வாரங்களில் குஞ்சுகள் வெளிவரும். தாய் காவல் இருப்பதில்லை.

உழவர்கள் செய்ய வேண்டியவை

1. வரப்பு வெட்டும்போது தோல் போன்ற ஓடுடைய, நீளவாட்டான வெள்ளை முட்டைகள் தென்பட்டால், புரட்டாமல் அப்படியே மண்ணால் மூடிவிடவும்.

2. வேலிகளுக்குத் தீ வைப்பதைத் தவிர்க்கவும்.

3. பூச்சிமருந்தைத் தேவையறிந்து மட்டும் தெளிக்கவும். வேலிப் புதர்களில் படாமல் பார்த்துக்கொள்ளவும். மருந்துபட்ட பூச்சிகளைத் தின்னும் ஓணானும் பாதிக்கப்படும்.

4. ஓணானைத் துன்புறுத்தலாகாது எனச் சிறுவர்களுக்கு எடுத்துச் சொல்லவும்.

வேலியில் போகும் ஓணானை மடியில் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அதை வேலியிலேயே வாழவிட்டால் போதும். அதனால் பயன் பெறுவது நம் பயிரே.