எழுபத்தைந்தே எழுத்து!

"சித்தப்பா! ஓர் எழுத்து குறைந்துவிட்டது!"

இரவு பதினொரு மணிக்கு மாடியிலிருந்து இப்படி ஒரு கூச்சல் கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணா மகன் தடதடவென்று படியிறங்கி வந்தான். லாட்டரியில் முதல் பரிசு விழுந்தவன் மாதிரி முகத்தில் அத்தனை பிரகாசம்!

"எழுத்து குறைந்ததற்குச் சந்தோஷப்படுகிற பிள்ளையை இன்றுதான் பார்க்கிறேன். பரீட்சையில் மார்க்கு குறைந்தாலும் இப்படித்தான் குதிப்பாயோ?" என்றார் அண்ணி, கூஜாவில் தண்ணீர் நிரப்பிக்கொண்டே.

"போம்மா! உனக்கு ஒன்றும் தெரியாது. எழுபத்தைந்து, எழுபத்து நாலாகிவிட்டது!" என்றான் அவன்.

அண்ணிக்கு மட்டுமா? எனக்கும்தான் அன்று ஒன்றும் தெரியாது. பிறகு கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரிந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தந்தி கொடுத்த காலம் உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நம் நாட்டில் 2013 ஜூலையோடு அந்தச் சேவை நின்றுபோயிற்று. ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஆகையால் நீ உடனே புறப்பட்டு வரவும்" என்று யாராவது தந்தி அடிப்பார்களா? "அம்மா கவலைக்கிடம், வா" என்றால் முடிந்தது. காசு மிச்சம், காரியமும் ஆயிற்று. அதே வித்தையைத்தான் கம்ப்யூட்டரிடம் காட்டுகிறார்கள் இந்தப் பிள்ளைகள். ஒரு வேலையைச் செய்ய யந்திரத்துக்குக் கட்டளை எழுத வேண்டும். அதை மிகக் குறைந்த எழுத்தில் எழுதியவர் ஜெயித்தவர். குறி, புள்ளி, இடைவெளி எல்லாமே ஓர் எழுத்தாகக் கணக்கு.

அடிக்கு அடி கணக்கு

இந்த விளையாட்டுக்குக் 'கோட் கோல்ஃப்' என்று பெயர். மைதானத்தில் ஆடும் கோல்ஃப் ஆட்டத்தில், பந்தைக் குழியில் தள்ள யார் குறைவாக அடித்தாரோ அவருக்குத்தான் வெற்றி. இங்கேயும் அடிதான்; ஆனால் விசைப்பலகையில் அடிக்கிற அடி! 'பெர்ல்' என்ற கம்ப்யூட்டர் பாஷையைக் கையாண்டவர்கள் 1999 வாக்கில் இந்தப் பெயரைப் பிரபலமாக்கினார்கள்.

பெயர்தான் புதிது, பைத்தியம் பழையது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கல்லூரியில், 1960-ஐ ஒட்டிய வருஷங்களில், மாணவர்கள் இரவெல்லாம் கண்விழித்து ஒரு கட்டளையைக் குறைக்க, இன்னும் ஒன்றைக் குறைக்க என்று தவம் கிடந்தார்கள். எண்களை அச்சடித்துக் காட்டும் ஒரு சிறு காரியத்தை 50 கட்டளைக்குள் அடக்கப் பெரும் போட்டியே நடந்தது. கடைசியில் ஒருவர் 46-ல் முடித்துக் காட்டினார். விளையாட்டு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைய யந்திரங்களின் ஞாபக சக்தி அவ்வளவு சொற்பம்!

சிக்கனத்தில் பிறந்த பாஷை

எந்தப் பாஷையிலும் இதை ஆடலாம். ஆனால் 'ஸி' என்ற பாஷையில் ஆடுவதில் ஒரு தனி ருசி. ஏன் தெரியுமா? அந்தப் பாஷையே சிக்கனத்தில் பிறந்தது.

அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாகாணத்தில் பெல் டெலிபோன் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அங்கே டென்னிஸ் ரிட்சி என்பவர் 1972-ல் ஸி பாஷையை உருவாக்கினார். அவருடைய நண்பர் கென் தாம்ஸன் அதற்கு முன்பே 'பி' என்று ஒரு பாஷை செய்திருந்தார். அவர்களுக்கு 1970-ல் வந்து சேர்ந்த யந்திரத்தின் ஞாபக சக்தி மொத்தம் 24 கிலோபைட். இன்று உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கு அதைப்போல நூறு மடங்கு இடம் கேட்கும்! அந்த 24-க்குள் யந்திரத்தை ஆளும் பிரதான புரோகிராமும் குடியிருக்க வேண்டும். மற்றவர்களுடைய வேலையும் நடக்க வேண்டும். ஒண்டுக் குடித்தன வீடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அதனால் எதிலும் சுருக்கம். 'ஆரம்பி', 'முடி' என்று வார்த்தையில் எழுதாமல் வளைவுக் கோடுகளால் காட்டினார்கள். ஒரு எண்ணோடு ஒன்றைக் கூட்ட இரண்டு கூட்டல் குறி போட்டால் போதும். புதிதாக ஒரு கோப்பை உண்டாக்கும் கட்டளைக்குக் 'கிரியேட்' என்று பெயர் வைத்த தாம்ஸன், அந்த ஆங்கில வார்த்தையின் கடைசி எழுத்தான 'ஈ'யைக் கூட விட்டுவிட்டார்! "மறுபடி எல்லாவற்றையும் எழுதச் சொன்னால் எதை மாற்றுவீர்கள்?" என்று பின்னாளில் அவரைக் கேட்டபோது, அந்த 'ஈ'யைச் சேர்த்துவிடுவேன் என்றாராம்.

முந்நூறிலிருந்து எழுபத்தைந்து

வாருங்கள், ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்கலாம். புரோகிராம் எழுதத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. உடன் வந்தால் போதும்.

மேல்நாட்டுப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். மூன்றால் வகுபடும் எண் வந்தால் 'ஃபிஸ்' என்று சொல்ல வேண்டும். ஐந்தால் வகுபட்டால் 'பஸ்'. (நாம் ஏறும் பஸ் அல்ல, வண்டு ரீங்காரமிடும் சத்தம்!) இரண்டாலும் வகுபட்டால் 'ஃபிஸ்பஸ்'. இதை 1 முதல் 100 வரை, வரிக்கு ஒன்றாக, கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காக இடம் விட்டு எழுதினால் முந்நூறு எழுத்துக்கு மேல் போகிறது. இதை எப்படி இளைக்க வைப்பது?

முதலில் இடைவெளிகளை எடுத்துவிடலாம். யந்திரத்துக்கு அழகு வேண்டாம். அடுத்தது, புரோகிராமின் தலையில் இருக்கும் முகவுரை வரி. அச்சடிக்கும் கட்டளைகள் இன்னவை என்று அறிமுகம் செய்யும் வரி அது. பழைய ஸி, அறிமுகம் இல்லாமலே ஆளைப் புரிந்துகொள்ளும். 18 எழுத்து மிச்சம்! 'இது முழு எண்' என்று சொல்லும் வார்த்தையும் வேண்டாம். சொல்லாவிட்டால் முழு எண் என்றே பழைய ஸி எடுத்துக்கொள்ளும்.

இனிமேல்தான் சாமர்த்தியம். 1-லிருந்து எண்ணத் தொடங்க வேண்டும் அல்லவா? 'ஐ என்ற பெட்டியில் 1-ஐப் போடு' என்று எழுத வேண்டும். அதையும் எழுதாமல் தப்ப வழி உண்டு. ஒரு ஸி புரோகிராமைக் கூப்பிடும்போது, எத்தனை வார்த்தை சொல்லிக் கூப்பிட்டோம் என்ற கணக்கை யந்திரம் அதன் கையில் கொடுத்துவிடும். வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கணக்கு 1. அந்த 1-ஐயே ஐ என்ற பெட்டியில் வாங்கிக்கொண்டால், நாம் செலவழிக்க வேண்டியது ஏதுமில்லை! வாசலில் வந்த விருந்தாளி கையில் கொண்டுவந்த பழத்தையே வெட்டி அவருக்கு உபசாரம் செய்வது போல.

'100-க்குக் குறைவு அல்லது சமம்' என்பதற்கு இரண்டு குறி வேண்டும். '101-க்குக் குறைவு' என்றால் ஒன்றே போதும். அர்த்தம் ஒன்றுதான், ஓர் எழுத்து லாபம். 'இப்படியானால், இல்லாவிட்டால்' என்ற வார்த்தைகளுக்குப் பதில் ஒரு கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும். 'ஃபிஸ்பஸ்' என்று தனியாக எழுதவே வேண்டாம். முதல் கட்டளை ஃபிஸ் சொல்லட்டும், இரண்டாவது கட்டளை பக்கத்திலேயே பஸ் சொல்லட்டும். அந்த இரண்டாவதாகப் 'புட்ஸ்' என்ற கட்டளையைப் போட்டால், அது சொன்ன பிறகு தானாகவே அடுத்த வரிக்குப் போய்விடும். ஐந்தால் வகுபடுகிறதா என்று பார்க்கும் அந்த நொடியிலேயே எண்ணை ஒன்று கூட்டியும் விடலாம்.

இப்போது எண்ணிப் பாருங்கள். சரியாக 75 எழுத்து. முந்நூறு போய் எழுபத்தைந்து!

எழுபத்து நாலின் கதை

அப்படியானால் அந்த ஓர் எழுத்தை அவன் எங்கே பிடித்தான்?

5, 10 போன்ற எண்கள் வரும்போது முதல் கட்டளை ஒன்றும் சொல்லாமல் இருக்க வேண்டும். 'ஒன்றும் இல்லை' என்பதைக் காட்ட, நடுவில் எதுவும் இல்லாத இரட்டை மேற்கோள் போடுவார்கள். ஆக இரண்டு எழுத்து. அந்த இடத்தில் வெறும் சைபரைப் போட்டான் அவன். ஒரே எழுத்து! அவன் கம்ப்யூட்டரில் அது அழகாக ஓடிற்று.

மறுநாள் சிநேகிதன் வீட்டுக்குப் போய் அவனுடைய யந்திரத்தில் ஓட்டிக் காட்டியிருக்கிறான். 1, 2, ஃபிஸ், 4 என்று சொல்லிற்று. ஐந்துக்கு வந்ததும் பொத்தென்று விழுந்து உயிரை விட்டது! காரணம் என்ன? 'ஒன்றுமில்லாத வாக்கியம்' வேறு, 'வாக்கியமே இல்லை' என்பது வேறு. சைபர் என்றால் இரண்டாவது. காலித் தட்டை நீட்டுவதற்கும் தட்டே இல்லாமல் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். அவன் யந்திரம் பெருந்தன்மையாக மன்னித்தது, சிநேகிதனுடையது மன்னிக்கவில்லை. இன்ன மாதிரி நடக்கும் என்று ஸி பாஷையின் சட்டம் இந்த விஷயத்தில் எந்த உத்தரவாதமும் தரவில்லை.

மற்ற சலுகைகளும் குறைந்துகொண்டு வருகின்றன. முகவுரை இல்லாமல் கட்டளையைக் கூப்பிடுவது, முழு எண் என்று சொல்லாமல் விடுவது இரண்டையும் 1999-ம் வருஷத்துச் சட்டமே நீக்கிவிட்டது. இருந்தாலும் மொழிபெயர்க்கும் புரோகிராம்கள் வெகுகாலம் கண்டும் காணாமல் விட்டுவந்தன. பலரும் உபயோகிக்கும் 'ஜிஸிஸி' என்ற மொழிபெயர்ப்பானின் 14-ம் பதிப்பு 2024-ல் வந்தது. அது இவற்றைப் பிழை என்றே தள்ளிவிடுகிறது. 'இது பழைய ஸி' என்று தனியாகச் சொன்னால்தான் உள்ளே விடும்.

பத்து எழுத்தின் விலை

விளையாட்டில் விழுந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். வேலையில் விழுந்தால்?

'கெட்ஸ்' என்று ஸி பாஷையில் ஒரு கட்டளை இருந்தது. வெளியிலிருந்து வரும் ஒரு வரியை வாங்கி வைத்துக்கொள்ளும். எங்கே வைப்பது என்று மட்டும் சொன்னால் போதும். ஏழே எழுத்தில் காரியம் முடியும். சுருக்கி எழுதுகிறவர்களுக்குச் செல்லப்பிள்ளை! அதற்கு ஓர் அண்ணன் உண்டு, 'எஃப்-கெட்ஸ்' என்று. எங்கே வைப்பது, எவ்வளவுதான் வாங்கலாம், எங்கிருந்து வாங்குவது என்று மூன்றையும் அவனுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு 17 எழுத்து பிடிக்கும்.

பத்து எழுத்துதானே வித்தியாசம் என்கிறீர்களா? அந்தப் பத்தில்தான் அளவு இருக்கிறது. கெட்ஸுக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. ஆழாக்கில் படி பாலை ஊற்றினாலும் வாங்கிக்கொண்டே இருக்கும். வழிகிற பால், பக்கத்தில் இருப்பதையெல்லாம் நனைத்துவிடும்.

1988 நவம்பர் 2-ம் தேதி ராபர்ட் டாப்பன் மாரிஸ் என்ற கார்னெல் சர்வகலாசாலை மாணவர் ஒரு புரோகிராமை இணையத்தில் அவிழ்த்துவிட்டார். அது தன்னைத்தானே பிரதி எடுத்துக்கொண்டு யந்திரத்துக்கு யந்திரம் தாவிற்று. அது நுழைந்த வாசல்கள் பல. அவற்றில் ஒன்று இந்தக் கெட்ஸ். கம்ப்யூட்டரை இப்போது யார் உபயோகிக்கிறார்கள் என்று பதில் சொல்லும் ஒரு சாதுவான புரோகிராம். கேள்வியை வாங்கிக்கொள்ள அதில் 512 எழுத்துக்கு இடம் இருந்தது. மாரிஸின் புழு அனுப்பியது 536! வழிந்த எழுத்துக்களில் புழுவின் கட்டளை ஒளிந்திருந்தது. யந்திரம் அதை எஜமானின் உத்தரவாக நினைத்து நிறைவேற்றிற்று. சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் திணறின என்று அப்போது மதிப்பிட்டார்கள். அன்றைய இணையத்தில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

மாரிஸுக்கு 1990-ல் தண்டனை விதித்தார்கள். மூன்று வருஷக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, பத்தாயிரம் டாலருக்கு மேல் அபராதம். பிற்பாடு அவர் எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியரானார் என்பது வேறு கதை. கெட்ஸுக்கும் தண்டனை கிடைத்தது. 2011-ல் வந்த புதிய சட்டத்தில் அதை ஸி பாஷையை விட்டே தள்ளிவைத்துவிட்டார்கள்.

அந்தக் கெட்ஸை எழுதியவர்கள் சோம்பேறிகளோ கெட்டவர்களோ அல்ல. 24 கிலோபைட் வீட்டில் சிக்கனமாகக் குடித்தனம் நடத்தியவர்கள். வருகிறவர் எல்லாரும் தெரிந்தவர்கள், தாழ்ப்பாள் தேவைப்படவில்லை. பிறகு அந்த வீடு ஊராயிற்று, ஊர் உலகமாயிற்று. தாழ்ப்பாள் போட மறந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அண்ணி கேட்டார்: "அப்படியானால் இந்த விளையாட்டே வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?"

"வேண்டாம் அண்ணி, ஆடட்டும்" என்றேன்.

உங்களிடமும் அதையேதான் சொல்வேன். ஓர் எழுத்தை எடுக்க வேண்டுமானால், அது அங்கே ஏன் இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். யந்திரத்தின் கையில் 1 என்ற கணக்கு வருகிறது என்பதை எந்தப் பாடப் புத்தகத்திலும் மனப்பாடம் செய்யாமல், ஆட்டத்தில் ஜெயிப்பதற்காகவே தெரிந்துகொண்டான் எங்கள் பையன். வெறும் மேற்கோளுக்கும் சைபருக்கும் உள்ள வித்தியாசத்தை, சிநேகிதன் எதிரில் மானம் போன அன்று கற்றுக்கொண்டான். இனி ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளையோ பெண்ணோ இரண்டு வரியைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். "எத்தனை எழுத்து?" என்று கேளுங்கள், முகம் மலர்ந்து போகும். அதன் பிறகு, "இதையே நானும் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி ஒருதரம் எழுதிக் காட்டு" என்றும் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் கேட்டோம். பையன் கொஞ்சம் முணுமுணுத்தான். பிறகு உட்கார்ந்து இடம் விட்டு, பெயர் வைத்து, பக்கத்தில் குறிப்பும் போட்டு எழுதினான். 400 எழுத்துக்கு மேல் போயிற்று. அண்ணி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"இது புரிகிறதே!" என்றார்.

சிநேகிதன் வீட்டு யந்திரத்திலும் அது 100 வரை ஓடிற்று.