நுழைத்த மரபணு நிலைக்குமா? சுவர்ணா நெல் சொல்லும் பாடம்

'ஐயா, பி.டி. பருத்தியில் விதை எடுத்து வைத்து, அடுத்த பட்டத்தில் வயல் ஓரமாக விதைத்துப் பார்த்தேன். செடிகள் ஒன்று போல ஒன்று இல்லை. சிலவற்றில் காய்ப்புழு ஏறியது, சிலவற்றில் ஏறவில்லை. நாளைக்கு நெல்லிலும் வெளி மரபணுவை நுழைத்துக் கொடுத்தால், நாலு போகத்தில் அது காணாமல் போய்விடாதா?'

சேலம் மாவட்டம் கொங்கணாபுரம் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். பருத்தி போடுகிறவருக்கு மட்டுமல்ல, பரமத்தி வேலூர், மோகனூர் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் நெல் நடுகிறவருக்கும் பதில் தேவைப்படும் கேள்வி.

பருத்தியில் நடந்தது என்ன?

நம் நாட்டில் 2002-ல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி பெரும்பாலும் வீரிய ஒட்டு விதையாகவே விற்கப்படுகிறது. பூவில் மகரந்தப் பையைக் கையால் நீக்கி, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவி ஒட்டுச் சேர்க்கும் வேலையைச் சேலம் மாவட்டத்தில் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டு பெற்றோரில் வழக்கமாக ஒன்றில்தான் பி.டி. மரபணு இருக்கும். அதனால் ஒட்டுச் செடிக்கு அது ஒரு பங்குதான் கிடைக்கிறது. அந்தச் செடியின் விதையை மறுபடி விதைத்தால், நாலில் மூன்று செடிக்கு மரபணு போகும், ஒன்றுக்குப் போகாது. இரண்டு மரபணு உள்ள விதை என்றால் கணக்கு இன்னும் சிக்கலாகும்.

ஆக, வாசகரின் வயலில் மரபணு அழிந்துபோகவில்லை, பிரிந்துபோயிருக்கிறது. காய்ப்புழு ஏறியதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் செடிக்குச் செடி வேறுபட்டதற்கு முதல் காரணம் இந்தப் பிரிவுதான்.

நெல் ரகம் அப்படியல்ல. நெல் தன் பூவிலேயே கருவுறும் பயிர். தாய் வழி, தந்தை வழி இரண்டிலும் மரபணு வந்து சேர்ந்த செடியைத் தேர்ந்தெடுத்துவிட்டால், கலப்பு ஏற்படாதவரை அதன் சந்ததி முழுவதற்கும் அது போகும். எனவே நெல்லில் 'தங்குமா?' என்று கேட்டால் மட்டும் போதாது. 'எங்கே போய்த் தங்கியது?' என்றும் கேட்க வேண்டும்.

பொன்னிற அரிசியும் சுவர்ணாவும்

இதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. வைட்டமின் ஏ குறைபாட்டைப் போக்க, அரிசிக்குள்ளேயே பீட்டா கரோட்டின் உருவாகும்படி செய்த 'பொன்னிற அரிசி' பற்றிப் படித்திருப்பீர்கள். மக்காச்சோளத்தின் ஒரு மரபணுவும், பாக்டீரியாவின் ஒரு மரபணுவும் அதில் சேர்க்கப்பட்டன. இதை இந்திய ரகங்களுக்கு மாற்றும் பணியில் டெல்லி, ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையங்களோடு கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இருந்தது.

டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஆந்திராவின் பிரபல ரகமான சுவர்ணாவை (எம்.டி.யு. 7029) எடுத்துக்கொண்டது. முறை, பின்கலப்பு. மரபணு உள்ள நெல்லோடு சுவர்ணாவை ஒட்டுச் சேர்த்து, வரும் பிள்ளையை மறுபடி மறுபடி சுவர்ணாவோடு சேர்ப்பார்கள். முதல் ஒட்டில் பாதி சுவர்ணா, அடுத்து முக்கால், அதற்கடுத்து 87.5 சதவிகிதம் என்று சராசரியாக ஏறிக்கொண்டே போகும். கடைசியில் தன் மகரந்தத்தாலேயே கருவுற விட்டு, இருவழியிலும் மரபணு உள்ள செடியைப் பொறுக்குவார்கள்.

மரபணு தங்கியது. அரிசியில் பீட்டா கரோட்டினும் நன்றாகவே இருந்தது. ஆனால் செடி குட்டை, இலை வெளிர் பச்சை, கதிர் சிறுத்து மணிகள் குறைந்து மகசூல் படுத்துவிட்டது.

காரணத்தை அந்த விஞ்ஞானிகளே தேடி, 2017-ல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். நுழைத்த மரபணு, வளர்ச்சி ஊக்கியான ஆக்சினைச் செடிக்குள் கடத்த உதவும் நெல்லின் சொந்த மரபணு ஒன்றுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. அந்த மரபணு உடைந்ததால் வளர்ச்சி ஊக்கிகளின் சமநிலை குலைந்தது. போதாததற்கு, மணிக்குள் மட்டும் வேலை செய்ய வேண்டிய மரபணு இலையிலும் வேலை செய்தது.

இப்படிப்பட்ட பழுது பின்கலப்பின்போது கண்ணில் படாமல் போக வாய்ப்புண்டு. செடியில் ஒரு வழியில் உடைந்த மரபணு இருந்தாலும், மறுவழியில் சுவர்ணாவின் நல்ல மரபணு ஈடுகட்டிவிடும். இரண்டு வழியிலும் உடைந்தது வந்து சேரும்போதுதான் குறை முழுதாக வெளிப்படும். அதற்குள் பல பருவ உழைப்பு கரைந்திருக்கும்.

2009-ல் வந்த வெள்ளம் தாங்கும் 'சுவர்ணா சப்-1' ரகமும் பின்கலப்பில் பிறந்ததுதான். ஆனால் அதில் சேர்த்தது இன்னொரு நெல்லின் மரபணு. அது தனக்குரிய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. வெளியிலிருந்து நுழைக்கும் மரபணு எங்கே விழும் என்பது நம் கையில் இல்லை. அதனால்தான் ஒரே ஒரு பிரதியாக, வேறு எதையும் உடைக்காத இடத்தில் விழுந்த செடியைத் தேட வேண்டியிருக்கிறது. பல பிரதிகள் நுழைந்தால், சில தலைமுறை கழித்து மரபணு இருந்தும் வேலை செய்யாமல் 'ஊமையாகி'விடுவதும் உண்டு.

பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு வேறொரு செடியிலிருந்து வந்த பொன்னிற அரிசியைத் தேர்ந்தெடுத்தார்கள். 2021-ல் அங்கே சாகுபடிக்கு அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரலில், பாதுகாப்பு குறித்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது.

வாசகர்கள் கேட்ட மற்ற கேள்விகள்

*மரபணு மாற்று நெல் விதை என்று யாராவது கொடுத்தால் வாங்கலாமா?*

கூடாது. இந்தியாவில் எந்த மரபணு மாற்று நெல்லுக்கும் சாகுபடி அனுமதி இல்லை. எந்தச் செடியிலிருந்து வந்தது, எங்கே சோதித்தது என்று தெரியாத விதையில் சுவர்ணாவுக்கு வந்த குறை மறைந்திருந்தால், நட்டம் முழுவதும் நம் தலையில்தான்.

*பக்கத்து வயலிலிருந்து மரபணு நம் நெல்லுக்கு வருமா?*

நெல்லில் அயல் மகரந்தச் சேர்க்கை பொதுவாக ஒரு சதவிகிதத்துக்கும் கீழ். விதைப்பண்ணைக்கு 3 மீட்டர் இடைவெளி கேட்பது அதற்காகத்தான். ஆனால் களத்திலும் சாக்கிலும் அறுவடை இயந்திரத்திலும் விதை கலப்பதுதான் பெரிய ஆபத்து. கலவன்களைக் கதிர் வரும்போதே பிடுங்கிவிடுங்கள்.

*2025 மே மாதம் அறிவித்த 'கமலா' நெல்லும் இந்த வகைதானா?*

இல்லை. சம்பா மசூரியின் சொந்த மரபணுவையே திருத்தி உருவாக்கிய ரகம் அது. வெளி மரபணு எதுவும் அதில் இல்லை. ஆனாலும் நாம் கேட்க வேண்டியது அதேதான்: நம் மண்ணில், நம் பட்டத்தில், பல போகம் பார்த்தாயிற்றா? பதில் தெரியும்வரை, புது ரகம் எதுவானாலும் முதலில் பத்து சென்ட்டில் மட்டும் நட்டுப் பாருங்கள்.