நிர்வாணக் கடற்கரைகளும் உடலுக்கு உத்தரவிடும் அதிகாரமும்

பிரான்ஸின் தென்கரைக்கு அப்பால் இருக்கும் லெவான் தீவில், துறைமுகத்திலிருந்து பாறைகளின் மேலாக ஒரு ஒற்றையடிப் பாதை செல்கிறது. ஒரு பக்கம் பைன் மரங்கள், மறுபக்கம் அடி தெரியும் நீலக் கடல். சிறிது தூரம் நடந்தால் ஒரு அறிவித்தல் பலகை வரும். இதற்கு அப்பால் ஆடையின்றி இருப்பது கட்டாயம் என்கிறது அந்தப் பலகை. பக்கத்திலேயே கமரா ஒன்றின் படத்தைச் சிவப்புக் கோட்டால் வெட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பலகைக்கு முன்னால் நீளக் காற்சட்டையும் கைமூடிய சட்டையும் தலையில் தொப்பியுமாக நான் நின்றிருந்தேன்.

“விசரே உனக்கு?” என்று முதல்நாள் இரவு துலோன் நகரத்தில் இருக்கும் என் மச்சாள் கேட்டிருந்தாள். “சரி, போறதெண்டால் போ. ஊரில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை.”

ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். வெள்ளைக்காரரின் விநோதப் பழக்கத்தைக் காட்டிச் சிரிப்பது என் நோக்கமல்ல. அந்தக் கரையோரத்தில் நான்கு நாட்கள் அலைந்தபோது, ஆடையைவிட அதிகாரத்தைப் பற்றியே அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது.

தொண்ணூறு வீதம் இராணுவத்திற்கு

லு லவாந்து என்ற சிறிய துறைமுக நகரத்திலிருந்து படகேறினால் முக்கால் மணித்தியாலத்திற்குள் லெவான் தீவுக்குப் போய்விடலாம். 1931 இல் கஸ்தோன் துர்வில், ஆந்திரே துர்வில் என்ற இரு மருத்துவச் சகோதரர்கள் இங்கே எலியோபொலிஸ் என்ற குடியிருப்பை நிறுவினார்கள். கிரேக்க மொழியில் அதற்குச் ‘சூரிய நகரம்’ என்று பொருள். வெயில், காற்று, எளிய உணவு, உடற்பயிற்சி ஆகியவற்றால் நோய் தீரும் என்பது அவர்களின் நம்பிக்கை. காசநோய்க்குச் சரியான மருந்து இல்லாத காலம் அது. நகரங்களின் புகையிலிருந்தும் நெரிசலிலிருந்தும் தப்ப நினைத்தவர்களுக்கு இந்த யோசனை பிடித்துப்போனது. ஐரோப்பாவின் மிகப் பழைய நிர்வாணக் குடியிருப்புகளில் ஒன்று இப்படித்தான் ஆரம்பமானது.

ஆனால் எலியோபொலிஸ் தீவின் ஒரு முனை மட்டுமே. தீவின் ஏறத்தாழ 90 வீதம் பிரெஞ்சு இராணுவத்தின் கையில் இருக்கிறது. ஏவுகணைகளைப் பரிசோதிக்கும் நிலையம் அங்கே இயங்குகிறது. பாதை முடியும் இடத்தில் வேலியும் எச்சரிக்கையும் நிற்கின்றன. எங்கள் காணிகளின் கதையோடு இதை ஒப்பிட நான் வரவில்லை. இங்கே யாரும் தங்கள் வீட்டைப் பார்க்க வேலிக்கு வெளியே பந்தல் போட்டுக் காத்திருக்கவில்லை. ஆனாலும் வேலியைக் கண்டதும் என் கால் தானாக நின்றது. எனக்கு முன்னால் போன வயோதிபத் தம்பதி, வெறும் செருப்போடும் முதுகுப் பையோடும், அதைத் திரும்பியும் பார்க்காமல் வளைந்து போனார்கள்.

இந்தத் தீவு போரையும் கண்டிருக்கிறது. 1944 ஆகஸ்ட் 14 ஆம் திகதி இரவு, தென்பிரான்ஸை நாஸிகளிடமிருந்து மீட்கும் தரையிறக்கத்திற்கு முன்னோடியாக, அமெரிக்க–கனடிய கூட்டுச் சிறப்புப் படையினர் இங்கே இறங்கினார்கள். பெரும் பீரங்கித் தளம் என்று அவர்கள் நினைத்து ஏறிப் பிடித்தது வெறும் போலிப் பீரங்கிகளை.

சட்டம் எங்கே கோடு கிழிக்கிறது?

‘பிரான்ஸில் கடற்கரையில் எப்படியும் திரியலாம்’ என்று எங்களில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல.

1810 ஆம் ஆண்டின் நெப்போலியன் காலத் தண்டனைச் சட்டக்கோவையில், பொது இடத்தில் நாணத்திற்குக் கேடு விளைவித்தல் என்றொரு குற்றம் இருந்தது. எது நாணம், எது கேடு என்பதை அந்தச் சட்டம் வரையறுக்கவில்லை. பார்ப்பவரும் நீதிபதியும்தான் முடிவு செய்தார்கள். 1994 இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டக்கோவை அந்தச் சொற்றொடரைக் கைவிட்டது. இன்று அதன் 222-32 ஆம் உறுப்புரை, பொது இடத்தில் பிறர் கண்ணில் படும்படி பாலியல் ரீதியாகத் தன்னைக் காட்டுவதைத் தண்டிக்கிறது. அதற்கு ஒரு வருடச் சிறையும் 15,000 யூரோ தண்டமும் விதிக்கலாம். ஆகவே, நிர்வாணத்திற்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் அமைதியாக வெயில் காய்வது இந்தக் குற்றத்திற்குள் வராது.

அந்த இடத்தை ஒதுக்குபவர் யார்? பெரும்பாலும் அந்த ஊரின் மேயர். தன் எல்லைக்குள் பொது ஒழுங்கைப் பேணும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. ஒரு உத்தரவில் கையெழுத்திட்டு, இந்தப் பலகை முதல் அந்தப் பலகை வரை நிர்வாணம் அனுமதிக்கப்படும் என்று அவர் அறிவிக்கலாம். ஊரின் மற்றக் கரைகளில் தடையும் போடலாம்.

அங்கே ஒழுங்கும் கடுமையானது. படம் எடுக்கக் கூடாது. உற்றுப் பார்க்கக் கூடாது. இருக்கும் இடத்தில் சொந்தத் துவாயை விரித்துத்தான் இருக்க வேண்டும். பாலியல் சீண்டலுக்கு இடமில்லை. லெவான் தீவிலும் துறைமுகத்தில் இடுப்பில் ஒரு துணி வேண்டும். 1974 இல் காப் தாக்து என்ற இடத்தில் கூடிய சர்வதேச நிர்வாண இயக்கச் சம்மேளனம் தனது வாழ்முறைக்கு ஒரு வரையறை எழுதியது. தன்மதிப்பு, பிறரை மதித்தல், சுற்றுச்சூழலை மதித்தல் ஆகிய மூன்றுமே அதன் மையம்.

அந்தக் காப் தாக்து, மார்செய் நகரத்திற்கு மேற்கே இருக்கிறது. போருக்குப் பிந்திய வருடங்களில் அங்கே ஒல்ட்ரா என்ற விவசாயக் குடும்பத்தின் காணியில் வெளிநாட்டார் கூடாரமடித்துத் தங்கி, கடலில் ஆடையின்றிக் குளித்தார்கள். அது பின்னர் கடைகளும் அடுக்குமாடிகளும் வங்கியும் கொண்ட ஒரு நிர்வாண நகரமாகவே வளர்ந்துவிட்டது. வாசலில் கட்டணம், உள்ளே கூட்டம். குடும்பமாக வருபவர்களுக்கும் இரவு விடுதிகளைத் தேடி வருபவர்களுக்கும் இடையில் அங்கே நீண்டகாலமாக இழுபறி இருக்கிறது. எல்லாமே தூய்மையான தத்துவம் என்று நான் சொல்ல வரவில்லை. காசு புரளும் இடம்தான்.

காசு வேறு கரைகளிலும் முடிவெடுத்திருக்கிறது. 1961 இல், அன்றைய கம்யூனிச யுகோஸ்லாவியாவில், இன்று குரோஷியாவாக இருக்கும் கரையில், கொவெர்சாதா என்ற பெரிய நிர்வாண முகாம் திறக்கப்பட்டது. மேற்கு ஜேர்மன் பயணிகள் கொண்டுவரும் அந்நியச் செலாவணி அந்த அரசுக்குத் தேவைப்பட்டது. ஸ்பெயினோ 1988 இல் ‘பொது அவதூறு’ என்ற குற்றத்தையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. அதனால் அங்கே நிர்வாணம் நாடளாவிய குற்றமல்ல. ஆனால் பார்சிலோனா போன்ற நகரங்கள் 2011 இல் தங்கள் தெருக்களில் அதைத் தடைசெய்தன. தடையில்லாத ஊரொன்றில் நிர்வாணமாக நடந்த ஒருவருக்குப் போட்ட தண்டத்தை 2023 இல் வலென்சியா மேல்நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஒரே கரை, எதிரெதிர் உத்தரவுகள்

பிரான்ஸின் இதே கரையோரத்தில் நடந்த மூன்று சம்பவங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது 1960களில். கான் நகரக் கடற்கரையில் ஒரு இளம்பெண் மார்பை மறைக்காமல் மேசைப்பந்து விளையாடினாள். வழக்கு மேலே போனது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அவளை விடுவித்தது. 1965 டிசம்பரில் நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் அந்த விடுவிப்பை ரத்துச் செய்தது.

இரண்டாவது 2016 ஆகஸ்டில். நீஸ் நகரத்தில் லொறி ஏற்றி 86 பேரைக் கொன்ற பயங்கரவாதத் தாக்குதலுக்கு அடுத்த மாதம். உடல் முழுவதையும் மூடும் புர்கினி நீச்சலுடையைக் கான், நீஸ் உட்பட ஏறத்தாழ முப்பது ஊர்களின் மேயர்கள் தடைசெய்தார்கள். நீஸ் கடற்கரையில் நான்கு பொலிஸார் சூழ்ந்து நிற்க, நிலத்தில் இருந்த ஒரு பெண் தன் நீளக் கைச் சட்டையைக் கழற்றும் படம் உலகம் முழுவதும் போனது. ஆகஸ்ட் 26 ஆம் திகதி, நிர்வாக வழக்குகளுக்கான உயர் மன்றமாகிய அரச பேரவை, வில்நெவ்-லூபே என்ற ஊரின் தடையை இடைநிறுத்தியது. பொது ஒழுங்கிற்கு நிரூபிக்கப்பட்ட ஆபத்து இருந்தால் மட்டுமே மேயர் இப்படிக் கட்டுப்படுத்தலாம் என்றும், மக்களின் பதற்றம் மட்டும் அதற்குப் போதாது என்றும் அது கூறியது.

மூன்றாவது 2020 ஆகஸ்டில். சென்-மாரி-லா-மேர் என்ற ஊரில் மேலாடையின்றி வெயில் காய்ந்த பெண்களிடம் மூடிக்கொள்ளுமாறு காவலர்கள் கேட்டார்கள். நாடு கொதித்தது. உள்துறை அமைச்சரே அது தவறு என்று பகிரங்கமாகச் சொல்ல வேண்டிவந்தது.

மூடு என்று ஒரு பெண்ணுக்கும், கழற்று என்று இன்னொரு பெண்ணுக்கும், திரும்பவும் மூடு என்று வேறு பெண்களுக்கும் சொல்லப்பட்டது. கரையும் கடலும் மாறவில்லை. சீருடையில் வந்தவர்கள் சொன்னது மாறிக்கொண்டிருந்தது. ஆடையின்றி இருப்பவர்களுக்குப் பலகை நட்டு இடம் ஒதுக்கும் மேயர்களின் அதிகாரமும், ஆடையை மூடி வந்த பெண்ணைத் துரத்தப் பயன்பட்ட அதிகாரமும் ஒன்றுதான். இதில் யார் முற்போக்கு, யார் பிற்போக்கு என்று ஆடையின் நீளத்தை வைத்து அளந்தால் பிழைத்துப்போவோம். அந்த உடலுக்குரியவரிடம் யாராவது கேட்டார்களா என்பதே கேள்வி.

பலகையின் இந்தப் பக்கம்

இனி நான் ஏன் பலகைக்கு முன்னால் அவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்ல வேண்டும்.

2009 இல் எனக்குப் பத்தொன்பது வயது. நாங்கள் கடந்துவந்த ஒரு சோதனைச் சாவடியில், பெண்களுக்கென்று தறப்பாளால் மறைத்த ஒரு இடம் இருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் அம்மா. அம்மா உள்ளே போய், சேலையைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதன்பிறகு என் முறை. அந்த இடத்தைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை ஒரு சொல்லும் பேசியதில்லை. முகாமில் மாதக்கணக்காகச் சட்டையோடுதான் குளித்தோம். காவலரணிலிருந்து பார்த்தால் கிணற்றடி தெரியும். பிறகு, கைகள் கட்டப்பட்டு ஆடை களையப்பட்டவர்களின் காணொளிகளை உலகமே பார்த்தது. தங்கள் பிள்ளை அதில் இருக்கிறதா என்று திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்த தாய்மாரை நீங்களும் அறிவீர்கள்.

எங்கள் நினைவில் நிர்வாணம் என்றால் அதுதான். யாரோ கழற்றச் சொன்னார்கள், யாரோ பார்த்தார்கள், யாரோ படம் எடுத்தார்கள்.

அதனால்தான் சிவப்புக் கோடு வெட்டிய அந்தக் கமராவைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கீழேயிருந்து ஏறிவந்த ஒரு மூதாட்டி, என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். ஒரு பக்க மார்பு இல்லை. சத்திரசிகிச்சைத் தழும்பு மட்டும் இருந்தது. வழி தவறிவிட்டேனா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, பலகையை வாசிக்கிறேன் என்றேன். ஏன் இது கட்டாயம், விரும்பியவர் உடையோடு வரக்கூடாதா என்றும் கேட்டேன்.

“உடையோடு வந்தால் நீங்கள் பார்வையாளராகிவிடுவீர்கள், நாங்கள் காட்சிப்பொருளாகிவிடுவோம்” என்றார். “கீழே எல்லோரும் ஒரே மாதிரி. என் தழும்பை ஒருவரும் இரண்டாம் தரம் பார்ப்பதில்லை.” பிறகு என் முகத்தில் எதையோ கண்டவர்போலச் சொன்னார்: “ஆனால் நீங்கள் வந்தே ஆக வேண்டும் என்றில்லை. மேலே நல்ல நிழல் இருக்கிறது. கடல் அங்கிருந்தும் தெரியும்.”

நான் கீழே இறங்கவில்லை. அதைத் தோல்வியாகவும் நினைக்கவில்லை. மேலே ஒரு பைன் மரத்தடியில் இருந்து, மச்சாள் கட்டித்தந்த பாணைச் சாப்பிட்டேன். யாரும் வந்து ஏன் உடுத்தியிருக்கிறாய் என்று கேட்கவில்லை.

பின்னேரப் படகில் திரும்பும்போது அந்த மூதாட்டியும் ஏறினார். பூப்போட்ட சட்டையும் கையில் கடைப் பையுமாக, எங்கள் ஊரில் சந்தைக்குப் போய்வரும் ஒரு பெரியம்மாவைப் போல இருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அந்தப் பலகைக்கு முன்னால் எனக்கு இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று கீழே கடலுக்கு, மற்றது திரும்பி மேலே. எதில் போவது என்று நானே முடிவு செய்தேன். தறப்பாள் கட்டிய அந்த இடத்தில் அம்மாவுக்கு ஒரு பாதைதான் இருந்தது. ஊருக்குப் போனதும் அம்மாவிடம் இந்தத் தீவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.