க்ருதாயோலா பாஸ்தா

க்ருதாயோலா பாஸ்தா என்பது நன்கு பழுத்த தக்காளியை வேகவைக்காமல், உப்பும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து ஊறவைத்து, அப்போதே வடித்த சூடான பாஸ்தாவுடன் கலந்து உண்ணும் இத்தாலியக் கோடைகால உணவு ஆகும். தென்கிழக்கு இத்தாலியின் அபூலியா பகுதியில் இது வீட்டுச் சமையலாகப் பரவலாக உள்ளது. பாஸ்தாவை வேகவைக்கும் நேரத்துக்கு மட்டுமே அடுப்பு எரிய வேண்டும் என்பதால், வெப்பம் மிகுந்த சூலை, ஆகத்து மாதங்களுக்கு இது ஏற்றது. தக்காளி நன்றாக விளையும் பருவமும் அதுவே.

பெயர்

இத்தாலிய மொழியில் 'க்ரூதோ' என்றால் வேகாதது, பச்சையானது என்று பொருள். அதிலிருந்து வந்ததே இப்பெயர். இங்குப் 'பச்சை' என்பது சமைக்காத நிலையைக் குறிக்கிறது. தக்காளி செங்காயாகவோ காயாகவோ இல்லாமல் முழுதாகப் பழுத்திருக்க வேண்டும்.

வரலாறு

தக்காளி அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்டது. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்தது. இத்தாலியில் அதற்கு வழங்கும் 'பொமொதோரோ' என்ற பெயருக்குத் 'தங்க ஆப்பிள்' என்று பொருள். அது அன்றாட உணவில் இடம்பெற நெடுங்காலம் ஆனது. அந்தோனியோ லத்தீனி எழுதி, 1692-94 ஆண்டுகளில் நேப்பிள்ஸில் வெளியான சமையல் நூலில் தக்காளிச் சுவைச்சாறு ஒன்று உள்ளது. ஆனால் அது பாஸ்தாவுக்கானது அன்று. இப்போலித்தோ கவால்காந்தியின் நூலுடைய 1839ஆம் ஆண்டுப் பதிப்பில், தக்காளி சேர்த்த வெர்மிசெல்லி நேப்பிள்ஸ் வட்டார மொழியில் விளக்கப்பட்டுள்ளது.

தேவையான பொருட்கள் (4 பேருக்கு)

- உலர்ந்த பாஸ்தா – 320 கிராம்
- நன்கு பழுத்த தக்காளி – 500 முதல் 600 கிராம்
- ஆலிவ் எண்ணெய் – 5 மேசைக்கரண்டி
- பூண்டு – 1 பல்
- பேசில் இலை – ஒரு கைப்பிடி
- உப்பு – தக்காளிக்கு 1 தேக்கரண்டி. பாஸ்தா வேகும் நீருக்குத் தனியாக
- துருவிய பாலாடைக்கட்டி – 60 கிராம்

அபூலியாவில் 'காச்சோரிக்கோத்தா' என்னும் உப்பிட்ட வெள்ளைப் பாலாடைக்கட்டியைத் துருவிச் சேர்ப்பர். பேசில், தமிழில் திருநீற்றுப்பச்சை எனப்படும் அதே தாவர இனத்தைச் சேர்ந்தது. உலர்ந்த பாஸ்தா, டியூரம் என்னும் கடினக் கோதுமையின் ரவையால் செய்யப்படுவது.

செய்முறை

1. தக்காளியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, விதையும் சாறும் வீணாகாமல் அகன்ற கிண்ணத்தில் இடவும்.
2. 1 தேக்கரண்டி உப்பு, எண்ணெய், நசுக்கிய பூண்டுப் பல் ஆகியவற்றைச் சேர்த்து, குளிர்பதனப் பெட்டியில் வைக்காமல் 30 நிமிடம் மூடிவைக்கவும்.
3. 3 லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து, லிட்டருக்குச் சுமார் 10 கிராம் உப்பிட்டுப் பாஸ்தாவை வேகவைக்கவும். கடிக்கும்போது நடுவில் சற்று உறுதி தெரிய வேண்டும்.
4. வடிப்பதற்கு முன் ஒரு குவளை கொதிநீரை எடுத்துவைக்கவும்.
5. கிண்ணத்திலிருந்து பூண்டை நீக்கிவிட்டு, வடித்த பாஸ்தாவை உடனே அதில் கொட்டவும். எடுத்துவைத்த நீரில் 2 அல்லது 3 மேசைக்கரண்டி விட்டு, ஒரு நிமிடம் நன்றாகக் கிளறவும்.
6. பேசில் இலையைக் கையால் கிள்ளிப் போட்டு, பாலாடைக்கட்டி தூவி உடனே பரிமாறவும்.

செய்முறையின் அடிப்படை

தக்காளியின் எடையில் சுமார் 95 விழுக்காடு நீர். உப்பு சேர்த்ததும் சவ்வூடு பரவல் மூலம் இந்நீர் துண்டுகளிலிருந்து வெளியேறிக் கிண்ணத்தில் சாறாகத் தேங்குகிறது. ஊறவைக்கும் 30 நிமிடம் சுவை ஏறுவதற்கு மட்டுமன்று. பாஸ்தாவில் ஒட்டவேண்டிய சாறு உருவாவதே அந்த நேரத்தில்தான். உப்பைக் கடைசியில் சேர்த்தால், சாறு தட்டில் பரிமாறிய பிறகே ஊறி அடியில் தங்கிவிடும்.

விதையைச் சூழ்ந்த வழுவழுப்பான பகுதியை நீக்கக்கூடாது. தக்காளியின் சதையைவிட அப்பகுதியில்தான் குளூட்டமேட் மிகுதி. உமாமி எனப்படும் சுவையைத் தருவது அதுவே.

எண்ணெயும் தக்காளிச் சாறும் இயல்பாக ஒன்றோடொன்று கலப்பதில்லை. பாஸ்தா வெந்த நீரில் கரைந்துள்ள மாவுச்சத்து, எண்ணெயைச் சிறு துளிகளாகச் சாற்றில் நிறுத்திக் குழம்பு போன்ற பதத்தைத் தருகிறது. வடித்த பாஸ்தாவைக் குளிர்ந்த நீரில் அலசினால் இந்த மாவுச்சத்தும் சூடும் ஒருங்கே போய்விடும்.

சமைத்த சுவைச்சாற்றில் புளிப்பு மிகுந்தாலோ நீர்த்துப்போனாலோ மேலும் கொதிக்கவைத்துச் சரிசெய்யலாம். இந்த உணவில் அவ்வாறு செய்ய வழியில்லை. எனவே தக்காளித் தேர்வே இதன் தரத்தை முடிவுசெய்கிறது. பழம் கையில் கனமாகவும், அழுத்தினால் சற்று நெகிழ்ந்தும், காம்புப் பகுதியில் மணத்துடனும் இருப்பது நல்லது. பல நாட்கள் குளிர்பதனப் பெட்டியில் இருந்த தக்காளியில் மணப்பொருட்கள் குறைந்துவிடும். நல்ல பழம் கிடைக்காத பருவத்தில், வேகவைத்த தக்காளிச் சுவைச்சாறே சிறந்தது.

பிற வகைகள்

- ரோம் நகரில் 'அல்லா கெக்கா' என்னும் வகையில் பச்சைத் தக்காளிக் கலவையுடன் மொச்சரெல்லா பாலாடைக்கட்டியும் சேர்ப்பர். பாஸ்தா மிகச் சூடாக இருந்தால் மொச்சரெல்லா இழைபோல் உருகித் திரண்டுவிடும் என்பதால், கலந்து ஒரு நிமிடம் கழித்தே அதைச் சேர்க்க வேண்டும்.
- சிசிலியில் வண்டியோட்டிகளின் பெயரால் வழங்கும் 'அல்லா கார்ரெத்தியேரா' வகையில் பச்சைப் பூண்டும் மிளகாயும் முதன்மையானவை. தக்காளி சேர்த்தும் சேர்க்காமலும் செய்யப்படுகிறது.

ஊட்டச்சத்து

வெப்பத்தால் குறையும் உயிர்ச்சத்து சி, வேகவைக்காத தக்காளியில் கூடுதலாக எஞ்சுகிறது. சிவப்பு நிறம் தரும் லைக்கோப்பீனை உடல் ஏற்பது சமைத்த தக்காளியிலிருந்தே எளிது. ஆயினும் லைக்கோப்பீன் கொழுப்பில் கரைவதால், இதில் உள்ள ஆலிவ் எண்ணெய் அதை உடல் ஏற்க உதவுகிறது.

பாதுகாப்பு

தக்காளியை வேகவைக்காததால் நறுக்கும் முன் நன்றாகக் கழுவ வேண்டும். செய்தவுடன் உண்பதே நல்லது. மிஞ்சியதை 2 மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். பச்சைப் பூண்டை எண்ணெயில் இட்டு அறை வெப்பநிலையில் நாட்கணக்கில் சேமிக்கக்கூடாது. காற்றில்லாத அச்சூழலில் பொட்டுலிசம் என்னும் கடும் உணவு நச்சுக்குக் காரணமான நுண்ணுயிரி வளரக்கூடும்.